துணிகரம் என்னும் சொல்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி செல்வோர் நாகலாபுரத்தைக் கடந்து போவர். அங்கே வேதநாராயணர் கோயிலை எழுப்பிய கிருஷ்ணதேவராயர், தம் அன்னை நாகலாதேவியின் பெயரை ஊருக்கு இட்டார் என்பர். நூறாண்டு கழிந்து அப்பேரரசு சந்திரகிரி, வேலூர் அளவில் சுருங்கி நின்றபோது, 1639-இல், அதற்கு உட்பட்ட தாமர்ல நாயக்கரிடம் பிரான்சிஸ் டே மதராஸ்பட்டண மணற்கரையைப் பெற்றார். கம்பெனி மேலிடத்தின் ஒப்புதல் வருமுன்பே கோட்டைப்பணி தொடங்கியது.

இத்தகைய செயலை ஆங்கிலர் ‘வென்ச்சர்’ என்பர். ‘அட்வென்ச்சர்’ என்பதன் தலை உதிர்ந்த வடிவம் அது. இலத்தீன் மூலத்தில் ‘வர இருப்பது’ என்றே பொருள். நலமோ கேடோ, சொல் கூறாது. 1600-இல் தோன்றிய கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பணமிட்டோரும் ‘அட்வென்ச்சரர்’ எனப்பட்டனர். மலையேறியவர் அல்லர்; லண்டனில் இருந்தபடியே, கப்பல் மூழ்கினால் முதலும் மூழ்கும் என்று அறிந்து கொடுத்தவர்.

நாம் ‘துணிகரம்’ என்கிறோம். துணிதல் என்பது அறுபடுதல்; ஐயம் அறுந்து முடிவுக்கு வருதல். ஆங்கிலச் சொல் வரப்போவதைப் பார்க்கிறது, நம் சொல் நெஞ்சைப் பார்க்கிறது. நாளிதழ்களோ அதைத் திருடருக்கே உரியதாக்கிவிட்டன!

ஆதலால் ‘ஜாயிண்ட் வென்ச்சர்’ என்பதைக் ‘கூட்டு முயற்சி’ என்று பெயர்க்கிறோம். முயற்சியில் உழைப்பு உண்டு, இழப்பு இல்லை. வேற்று மாநிலத்தில் கடைக்குக் கூட்டுச் சேரும் நம்மவர் அப்பத்திரத்தைத் தமிழில் மட்டும் படித்தால், நட்டத்திலும் தமக்குப் பங்குண்டென அச்சொல்லால் அறியார். ‘இடரிலும் கூட்டு’ என்று ஒருமுறை எழுதினோம். நீளம் என்று அடித்துவிட்டார்கள்.