அருஷா: சஃபாரி போகும் வழியில் கொஞ்சம் சரித்திரம்

இந்த முறை கொஞ்சம் தூரமாகப் போகலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா என்றொரு நாடு. அதன் வடக்குப் பகுதியில், 4,566 மீட்டர் உயரமுள்ள மேரு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அருஷா நகரம். சிங்கம் வரிக்குதிரையைத் துரத்துவதை டிவியில் வாய் பிளந்து பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்? அந்தக் காட்சிகளில் பல செரெங்கெட்டி சமவெளியில் எடுக்கப்பட்டவை. செரெங்கெட்டி, கொரொங்கோரோ, மன்யாரா ஏரி, தரங்கிரே என்று வடக்குத் தான்சானியாவின் எந்தக் காட்டுக்குப் போவதானாலும் பெரும்பாலோர் அருஷாவில் வந்து இறங்கித்தான் ஜீப் ஏறுகிறார்கள்.

ஆனால் வருகிறவர்களில் பலர் இந்த ஊரில் ஒரு இரவு தூங்கிவிட்டு, விடிந்ததும் காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பாவம், அருஷாவைப் பார்ப்பதே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் சில பெரிய கேள்விகள் இந்தச் சின்ன ஊரில்தான் விவாதிக்கப்பட்டன. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'சஃபாரி' என்பது சுவாஹிலி மொழியில் 'பயணம்'. அவ்வளவுதான், சிங்கம் புலியெல்லாம் அதில் கிடையாது (ஆப்பிரிக்கக் காட்டில் புலியே கிடையாது என்பது வேறு விஷயம்!). பயணம் என்று பொருள்படும் 'சஃபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நம்ம ஊர் 'சவாரி'யும் இதுவும் ஒன்று என்று சிலர் நினைப்பதுண்டு. இல்லை. சவாரி பாரசீகத்திலிருந்து வந்த வேறு சொல்.

கோட்டை கட்டியவர்கள்

மேரு மலையின் சரிவுகள் நல்ல மழையும் வளமான எரிமலை மண்ணும் உள்ளவை. அங்கே மேரு மக்கள் பல தலைமுறைகளாக விவசாயம் செய்துவந்தார்கள். 1830களில் தெற்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் அருஷா மக்கள். இவர்கள் பேசுவது மாசாய் மொழி, ஆனால் தொழில் விவசாயம். சுற்றியுள்ள சமவெளி முழுக்க மாடு மேய்க்கும் மாசாய்கள். ஊருக்குப் பெயர் வந்தது அருஷா மக்களிடமிருந்துதான்.

1880களில் ஜெர்மனி இந்தப் பகுதியைத் தன் காலனி என்று அறிவித்தது. 1896இல் மேரு மலைச் சரிவில் இரண்டு லுத்தரன் மிஷனரிகள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்க ஜெர்மன் படை வந்தது. வீடுகள் எரிந்தன, மாடுகள் பறிக்கப்பட்டன, பலர் இறந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் எதிர்ப்பு மொத்தமாக நசுக்கப்பட்டது. 1900ஆம் ஆண்டு பக்கத்து ஊரான மோஷியில் சாகா இனத்தின் தலைவர் மங்கி மேலியும் அவரோடு சேர்த்து வேறு பல தலைவர்களும் தூக்கிலிடப்பட்டார்கள்.

அதே காலத்தில்தான் அருஷாவில் ஜெர்மானியர்கள் 'போமா' என்ற கோட்டையைக் கட்டினார்கள். கட்டியது யார்? தோற்றுப்போன மக்களேதான், கட்டாய உழைப்பாக. அந்தக் கோட்டையைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய நகரம். அந்த போமா இன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

பிறகு கடை போட இந்தியர்கள் வந்தார்கள். பெரும்பாலும் குஜராத்திகள். சுவாஹிலியில் கடைக்கு 'டுகா', வண்டிக்கு 'காரி', லட்சத்துக்கு 'லாக்கி', சப்பாத்திக்கு 'சப்பாத்தி'யேதான்! எல்லாம் இந்தியாவிலிருந்து கப்பலேறிய சொற்கள்.

ஐ.நா. வரை போன மேரு மக்கள்

முதல் உலகப்போரில், 1916இல், பிரிட்டிஷார் அருஷாவைப் பிடித்தார்கள். ஆனால் தாங்கனிக்கா (அன்றைய பெயர்) மற்ற காலனிகளைப் போல முழுக்க பிரிட்டனுக்குச் சொந்தமாகவில்லை. முதலில் உலக நாடுகள் சங்கத்தின் பெயரிலும், 1946 முதல் ஐ.நா.வின் பெயரிலும் பிரிட்டன் அதை 'பொறுப்பில்' வைத்திருந்தது. இந்தச் சின்ன சட்ட வித்தியாசம் பின்னால் பெரிய விஷயமானது. எப்படி என்று பாருங்கள்.

1951இல் மேரு மலைக்கு வடக்கே எங்காரே நன்யுகி என்ற இடத்திலிருந்து சுமார் 3,000 மேரு மக்களை பிரிட்டிஷ் அரசு வெளியேற்றியது. வெள்ளையர்களின் கால்நடைப் பண்ணைகளுக்கு இடம் வேண்டும் என்பதுதான் காரணம். மக்கள் ஆயுதம் எடுக்கவில்லை, மனு எழுதினார்கள். 'இந்த நாடு ஐ.நா.வின் பொறுப்பில் இருக்கிறது என்றால், எங்கள் குறையை ஐ.நா.தான் கேட்க வேண்டும்' என்பது அவர்களின் வாதம். ஊரெல்லாம் பணம் வசூலித்து, கிரிலோ ஜாஃபெட் என்ற இளைஞரை 1952இல் நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். பெர்முடாவைச் சேர்ந்த எர்ல் சீட்டன் என்ற வழக்கறிஞர் உதவினார். மலையடிவாரத்து விவசாயி ஒருவர் உலக சபையில் நின்று தன் மக்களின் நிலத்தைக் கேட்டார்!

நிலம் உடனே திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் ஜாஃபெட் ஊர் திரும்பி ஊர் ஊராகப் பேசினார். பிரிட்டிஷ் அரசையும் கேள்வி கேட்கலாம், உலகம் காது கொடுக்கும் என்பது தாங்கனிக்கா முழுக்கப் பரவியது. 1954இல் ஜூலியஸ் நைரேரே 'டானு' கட்சியைத் தொடங்கியபோது அந்த நெருப்பு ஏற்கெனவே பற்றியிருந்தது.

காட்டைக் காத்தவர்களும் காட்டை இழந்தவர்களும்

அதே 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே மாசாய்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். பூங்காவுக்குள் மனிதர்கள் இருக்கலாமா என்ற சண்டை ஆரம்பமானது.

இந்தச் சமயத்தில் வந்தவர்கள்தான் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மிருகக்காட்சிசாலை இயக்குநர் பெர்ன்ஹார்ட் கிரிசிமெக்கும் அவர் மகன் மைக்கேலும். வரிக்குதிரை போல வரி போட்ட ஒரு சிறிய விமானத்தில் பறந்து பறந்து விலங்குகளை எண்ணினார்கள். 1959 ஜனவரியில் ஒரு கழுகு மோதி விமானம் விழுந்து மைக்கேல் இறந்துபோனார். வயது 24. 'செரெங்கெட்டி அழியக் கூடாது' என்ற அவர்களுடைய படம் 1960இல் ஆஸ்கர் வாங்கியது. செரெங்கெட்டியை உலகம் அறிந்துகொண்டது அந்தப் படத்தால்தான் என்றே சொல்லலாம். அப்பா, மகன் இருவரின் கல்லறையும் கொரொங்கோரோ பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறது.

அந்தப் படத்தில் மாசாய்களின் பக்கம் அதிகம் கேட்காது. 1959இல் அவர்கள் செரெங்கெட்டியை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பதிலுக்குப் பக்கத்தில் கொரொங்கோரோ பாதுகாப்புப் பகுதி உருவாக்கப்பட்டது: 8,292 சதுர கி.மீ. அங்கே விலங்குகளும் மாசாய்களும் சேர்ந்தே வாழலாம் என்று வாக்குறுதி. ஆனால் 1974இல் பள்ளத்தின் தரையில் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1975இல் விவசாயம் தடை செய்யப்பட்டது. பக்கத்திலுள்ள லோலியோண்டோவில் 2022 ஜூனில் அரசு 1,500 சதுர கி.மீ. நிலத்துக்கு எல்லைக்கல் நட்டபோது மோதல் வெடித்தது. ஒரு போலீஸ்காரர் உயிரிழந்தார், மாசாய்கள் பலர் காயமடைந்தார்கள். அதே ஆண்டில் கொரொங்கோரோவிலிருந்து குடும்பங்களைப் பல நூறு கி.மீ. தள்ளியுள்ள ம்சோமேராவுக்கு இடம் மாற்றுவதும் தொடங்கியது.

அரசு சொல்வது: 1959இல் சில ஆயிரமாக இருந்த மக்கள்தொகை இப்போது ஒரு லட்சம் அளவுக்கு வந்துவிட்டது, இனி காடு தாங்காது. மாசாய்கள் சொல்வது: இந்த விலங்குகள் இத்தனை நூற்றாண்டு பிழைத்திருப்பதே நாங்கள் அவற்றை வேட்டையாடித் தின்னாததால்தான், இப்போது நாங்களே இடைஞ்சலா? எனக்கென்னவோ இரண்டாவது கேள்விக்கு யாரும் சரியாகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. காடு முக்கியம்தான். அதற்கான விலையை எப்போதும் ஒரே கூட்டமே கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ம்வாலிமுவின் பிரகடனம்

1961 டிசம்பர் 9 அன்று தாங்கனிக்கா சுதந்திரம் பெற்றது. 1964இல் சான்சிபாரோடு இணைந்து தான்சானியா ஆனது. நைரேரேயை மக்கள் 'ம்வாலிமு' என்று அழைப்பார்கள். 'ஆசிரியர்' என்று பொருள். உண்மையிலேயே பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

1967 ஜனவரி கடைசியில் அவருடைய கட்சி அருஷாவில் கூடியது. பிப்ரவரி 5 அன்று 'அருஷா பிரகடனம்' வெளியானது. சோசலிசமும் சுயசார்பும்தான் நம் வழி, பணத்தை நம்பி அல்ல, மக்களையும் நிலத்தையும் நம்பி வளர வேண்டும் என்றது அது. கட்சித் தலைவர்கள் வாடகைக்கு விட வீடு வைத்திருக்கக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது என்றுகூட விதி இருந்தது! (நம்ம தலைவர்கள் இதைப் படித்தால் மயங்கி விழுவார்கள்.) மறுநாளே வங்கிகள் தேசியமயமாயின. 1971இல் வாடகைக் கட்டடங்கள் பலவும் அரசுடைமையாயின. அதில் அதிகம் இழந்தவர்கள் இந்திய வம்சாவளியினர்.

பலன்? பள்ளிப் படிப்பும் சுகாதாரமும் கிராமங்களுக்குப் போயின. எழுத்தறிவு வேகமாக உயர்ந்தது. ஆனால் 1970களில் மக்களை 'உஜாமா' கிராமங்களுக்குக் கட்டாயமாகக் குடிபெயர்த்ததில் விவசாயம் அடிவாங்கியது. கடைகளில் சாமான் கிடைக்காத காலம் வந்தது. 1985இல் நைரேரே பதவியிலிருந்து தானாகவே இறங்கிக்கொண்டார். பிரகடனத்தின் நினைவுச் சின்னமும் அருங்காட்சியகமும் அருஷாவில் இன்றும் உண்டு. சஃபாரி ஜீப்கள் அந்தப் பக்கம் அவ்வளவாக நிற்பதில்லை.

நீதிமன்றமாக மாறிய ஊர்

கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 1967இல் கிழக்கு ஆப்பிரிக்க சமூகத்தைத் தொடங்கி, அருஷாவில் தலைமையகம் வைத்தன. 1977இல் அது உடைந்தது. கென்ய எல்லையே 1983 வரை மூடிக் கிடந்தது. அந்தத் தலைமையகத்துக்காகக் கட்டிய பெரிய கட்டடம் மாநாட்டு மையமானது. அதன் மூன்று பகுதிகளுக்கும் கிளிமஞ்சாரோ, செரெங்கெட்டி, கொரொங்கோரோ என்று பெயர். (அந்த அமைப்பு 2000இல் மறுபடி உயிர்பெற்றது. தலைமையகம் இப்போதும் அருஷாதான்.)

1993 ஆகஸ்ட் 4 அன்று ருவாண்டா உள்நாட்டுப் போரை நிறுத்த அருஷாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எட்டே மாதத்தில், 1994 ஏப்ரல் 6 அன்று, ருவாண்டா அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர் படுகொலை செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் டுட்சி இனத்தவர். அந்த ஆண்டு நவம்பரில் ஐ.நா. ஒரு சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தை அமைத்தது. அது அமர்ந்த இடம் இதே மாநாட்டு மையம். சமாதானம் கையெழுத்தான ஊரிலேயே, அந்தச் சமாதானம் தோற்றதற்கான விசாரணையும் நடந்தது.

1998 செப்டம்பர் 2 அன்று ஜான்-பால் அகாயேசு என்ற முன்னாள் மேயருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இனப்படுகொலைக் குற்றத்துக்கு ஒரு சர்வதேச நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது உலக வரலாற்றில் அதுவே முதல் முறை. பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் ஆயுதமாக இருக்க முடியும் என்று சொன்ன முதல் தீர்ப்பும் அதுதான். அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. ஆமாம், தமிழ்ப் பெயர்தான்! தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தமிழ் வம்சாவளியில், ஒரு பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்தவர். 1999 முதல் 2003 வரை அந்தத் தீர்ப்பாயத்தின் தலைவராகவும் இருந்தார். பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையராக இலங்கைக்குப் போன நவி பிள்ளை இவரேதான்.

தீர்ப்பாயம் 93 பேர் மீது குற்றம் சாட்டி, 2015 இறுதியில் மூடப்பட்டது. ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றமும் இப்போது அருஷாவில்தான் இயங்குகிறது.

போனால் என்ன பார்க்கலாம்?

- ஊருக்குள்: ஜெர்மன் போமா, பிரகடன அருங்காட்சியகம், மணிக்கூண்டு. கெய்ரோவுக்கும் கேப் டவுனுக்கும் நட்டநடுவில் இருப்பது இந்த மணிக்கூண்டு என்று சொல்வார்கள்.
- பக்கத்தில்: அருஷா தேசியப் பூங்கா. ஒரே நாளில் போய் வரலாம். ஜான் வெய்ன் நடித்த 'ஹடாரி' (1962) படம் இந்த வட்டாரத்தில்தான் எடுக்கப்பட்டது.
- மேற்கே: யானைகளும் பவோபாப் மரங்களும் நிறைந்த தரங்கிரே, பூநாரைகள் இறங்கும் மன்யாரா ஏரி, 600 மீட்டர் ஆழமுள்ள கொரொங்கோரோ எரிமலைப் பள்ளம்.
- வழியில்: ஓல்டுவாய் பள்ளத்தாக்கு. 1959 ஜூலையில் மேரி லீக்கி ஆதிமனித இனத்தின் மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம். பக்கத்திலுள்ள லேட்டோலியில் 36 லட்சம் ஆண்டுப் பழைய காலடித் தடங்கள் கிடைத்தன.
- எப்போது: ஜனவரி முதல் மார்ச் வரை செரெங்கெட்டியின் தெற்கில் வில்டபீஸ்ட் கூட்டம் கன்று ஈனும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும். ஏப்ரல், மே அடைமழை.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். அருஷாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். கொரொங்கோரோ விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போது, அங்கே 1974 வரை வீடுகள் இருந்தன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் அழகு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. யாருடைய வீட்டு வாசலில் நின்று ரசிக்கிறோம் என்று தெரியும், அவ்வளவுதான்.

அடுத்த கட்டுரையில் வேறொரு ஊரில் சந்திப்போம். 'க்வாஹேரி'! (சுவாஹிலியில் 'போய் வருகிறேன்'.)