அறுமுன் சொல்லும் கம்பி: ஹேண்ட்பிரேக் கேபிளின் சிறு வரலாறு

ஒரு மழைக்காலக் காலையில், வாசல் சரிவில் நிறுத்தியிருந்த எங்கள் பழைய சிறு கார், யாரும் தொடாமலேயே மெல்லப் பின்னால் உருண்டு இரும்புக் கதவில் மோதி நின்றது. கதவில் ஒரு நெளிவு, பம்பரில் ஒரு கீறல் என்பதோடு அது முடிந்தது. ஆனால் அரைமணி நேரம் முன்புவரை அந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டுச் சிறுமி சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள் என்பது பிறகே எங்களுக்கு நினைவு வந்தது. கட்டங்கள் காரின் அடியில் அப்படியே இருந்தன.

ஹேண்ட்பிரேக் லிவர் முழு உயரத்திற்கு இழுக்கப்பட்டே இருந்தது. கியரில் போட்டுவிட்டு இறங்காதது எங்கள் பிழை. ஆனால் அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. சில மாதங்களாகவே லிவர் ஒவ்வொரு பல்லாக உயர்ந்துகொண்டு வந்திருந்தது. முன்பு ஐந்தாவது ‘டிக்’ ஒலியில் இறுகியது, பிறகு ஏழாவதில், பிறகு பத்தாவதில். அதை நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம், பொருட்படுத்தவில்லை.

அந்தக் கேபிளை வீட்டிலேயே மாற்றுவது என்று முடிவு செய்தோம். கழற்றிய பழைய கேபிளைச் செய்தித்தாளின்மேல் கிடத்தி, கிழிந்த உறையைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே முறுக்கிய எஃகு இழைகளில் பல அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்தவை ஒரு காரின் எடையை அதுவரை தாங்கியிருக்கின்றன. ஒரேயடியாக அறாமல் இழை இழையாக அறுவது என்ற இந்தக் குணம் அந்தக் கம்பிக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றதில் கிடைத்ததே இக்கட்டுரை.

*

சக்கரத்தை ஓடாமல் நிறுத்த மனிதன் கண்ட முதல் வழி, அதன்முன் எதையாவது இடுவதுதான். தமிழில் அதற்கு முட்டுக்கட்டை என்று பெயர். இன்று அரசியல் மேடைகளில் வசைச்சொல்லாகிவிட்ட அது, தேரோட்டத்தில் இன்றும் உயிர்காக்கும் கருவி. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சியின் பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகும், வீதி முனையில் தேரைத் திருப்புவது முட்டுக்கட்டை போடுபவரின் கைத்திறனே. தேரில் வடம் இழுப்பதற்கு, கட்டை நிறுத்துவதற்கு. காரின் ஹேண்ட்பிரேக்கிலோ நிறுத்துவதே வடத்தின் வேலையாகிவிட்டது. அந்த வடத்தின் பிறப்பிடம் சாலை அல்ல, சுரங்கம்.

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் கிளவுஸ்தால் என்ற ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே வெள்ளியும் ஈயமும் தோண்டிய சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே போயின. தாதுவை மேலே இழுக்கச் சணல் கயிறும் இரும்புச் சங்கிலியும் பயன்பட்டன. சணல் ஈரத்தில் மக்கியது. சங்கிலியோ கனமானது, அதைவிடக் கொடிய குறை, அது முன்னறிவிப்பின்றி அறும் என்பது. ஆயிரம் கண்ணிகள் நலமாயிருந்தாலும் ஒரு கண்ணி விட்டால் எல்லாம் போயிற்று.

வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற சுரங்க அதிகாரி இதைத் தம் கவலையாக எடுத்துக்கொண்டார். 1829 வாக்கில் சங்கிலிகளின்மீது மீண்டும் மீண்டும் சுமையேற்றி இறக்கிச் சோதித்தார். ஒருமுறை தாங்கும் சுமையைப் பலமுறை தாங்கும்போது இரும்பு களைத்துப்போகிறது என்ற உண்மையை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவராக இன்றைய பொறியியல் வரலாறு அவரைச் சொல்கிறது. 1834ஆம் ஆண்டு ஜூலையில், இரும்புக் கம்பிகளைக் கயிறுபோல முறுக்கிய வடம் ஒன்றைக் கரோலின் சுரங்கத்தில் அவர் பொருத்தினார். நான்கு கம்பிகள் சேர்ந்து ஒரு புரி, மூன்று புரிகள் சேர்ந்து ஒரு வடம். ஆகப் பன்னிரண்டு கம்பிகள், கையால் முறுக்கப்பட்டவை. முப்புரி என்ற நம் பழஞ்சொல் அதற்கு அப்படியே பொருந்தும்.

பன்னிரண்டில் ஒன்று அறுந்தால் மற்றவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அறுந்த கம்பியும் சற்றுத் தொலைவில் உராய்வினால் மற்றவற்றோடு பிணைந்து மீண்டும் தன் பங்கைச் சுமக்கத் தொடங்கும். அறுந்த முனை வெளியே நீட்டிக்கொண்டு, பார்ப்பவர் கண்ணில் படும். மாற்றுவதற்கு நேரம் தரும். ஆல்பர்ட் தந்தது வலிமையை மட்டுமன்று, எச்சரிக்கையையும்தான். பின்னாளில் தொங்கு பாலங்களும் மின்தூக்கிகளும் நம்பி நின்றது இந்தக் குணத்தைத்தான்.

*

சுரங்க வடம் நேராகத் தொங்குவது. வளைய வேண்டிய இடத்தில் அதற்குக் கப்பி வேண்டும். வளைந்து நெளிந்து செல்லும் வழியில் கப்பியே இல்லாமல் விசையைக் கொண்டுசெல்வது எப்படி? இதற்கு விடை கண்டவர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன். அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த இவர், 1896இல் இதற்குப் பிரித்தானியக் காப்புரிமை பெற்றார். பெயர் ஒற்றுமையால் ராலே சைக்கிள் நிறுவனத்தை நிறுவிய பிராங்க் பௌடனுக்கு இப்புகழ் அடிக்கடி போய்ச்சேர்ந்துவிடுகிறது. இருவரும் வேறு வேறு மனிதர்கள்.

பௌடனின் யோசனை மிக எளிமையானது. உள்ளே இழுபடும் ஒரு கம்பி. அதைச் சுற்றி, சுருள் சுருளாக நெருக்கிச் சுற்றிய கம்பியாலான ஓர் உறை. சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் உறை வளையும், ஆனால் நீளத்தில் குறுகாது. உள்கம்பியை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு விசையை உறை எதிர்த்திசையில் தாங்கிக்கொள்கிறது. உறை இல்லாவிட்டால் இழுபட்ட கம்பி நேராக நிமிர்ந்துவிடும். விசை சக்கரத்தைச் சேராது. நம் தெருக்களில் ஓடும் சைக்கிளின் பிரேக் கம்பி முதல் மொபெட்டின் ஆக்சிலேட்டர் கம்பி வரை எல்லாம் இதன் வாரிசுகளே.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. வளைவுகளில் கம்பி உறையோடு உராயும். வளைவுகளின் கோணங்களைக் கூட்டக்கூட இழப்பு வேகமாகப் பெருகும். உராய்வுக் குணகம் 0.15 என்று கொண்டால், மொத்தம் 180 பாகை வளைந்து செல்லும் கம்பி, கையிட்ட விசையில் சுமார் 62 விழுக்காட்டையே மறுமுனைக்குக் கொண்டுசேர்க்கும். துருவேறிக் குணகம் 0.3 ஆனால் 39 விழுக்காடுதான் மிஞ்சும். கையோ அதே பலத்தோடுதான் இழுக்கிறது. லிவரும் இறுகியதுபோலவே இருக்கிறது. பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்துபோகிறது.

*

கார்களின் தொடக்க காலத்தில் ஹேண்ட்பிரேக் வெறும் ‘நிறுத்தி வைக்கும்’ பிரேக் அல்ல. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரில் கால்மிதி கியர்பெட்டிக்குள் இருந்த டிரம்மைத்தான் பிடித்தது. பின்சக்கரங்களின் பிரேக் கைலிவரில் இருந்தது. இங்கிலாந்தில் 1922இல் அறிமுகமான ஆஸ்டின் செவன் காரின் ஏற்பாடு இன்னும் விசித்திரம்: தொடக்க ஆண்டுகளில் கால் பிரேக் பின்சக்கரங்களுக்கும் கை பிரேக் முன்சக்கரங்களுக்கும் என்று பிரித்திருந்தார்கள். ஓட்டுநரின் கையும் காலும் சேர்ந்து காரை நிறுத்தின.

1921இல் டியூசென்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்குடன் வந்தது. காலின் விசையை எண்ணெய் ஏந்திச்செல்லத் தொடங்கியது. எல்லோரும் உடனே நம்பிவிடவில்லை. குழாயில் ஓடும் திரவத்தைவிட இரும்பே உறுதி என்று ஃபோர்டு நிறுவனம் 1939 மாடல் வரும்வரை ஹைட்ராலிக்கை ஏற்காமல் நின்றது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் மலிவான வகையில் 1962 வரைக்கும் கேபிள் பிரேக்கே இருந்தது.

எண்ணெய் வென்றது. ஆனால் அந்தப் பழைய ஐயத்தை யாரும் முழுக்கத் தள்ளிவிடவில்லை. குழாய் ஒழுகினால் என்ன செய்வது? ஆகவே ஹேண்ட்பிரேக் மட்டும் எண்ணெயின் துணையின்றி, கம்பியை நம்பித் தனியே நீடித்தது. சட்டமும் அதைக் காத்தது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், பார்க்கிங் பிரேக், கால் பிரேக் என ஒன்றையொன்று சாராத இரு ஏற்பாடுகளைக் கோருகின்றன. அமெரிக்காவின் 135ஆம் எண் தரநிலை, நூற்றுக்கு இருபது என்ற சரிவில், மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் ஐந்து நிமிடம் வண்டி அசையாமல் நிற்க வேண்டும் என்கிறது. எங்கள் வாசல் சரிவு அதில் பாதிகூட இராது.

*

இவ்வளவையும் வாசித்துவிட்டு வேலைக்கு இறங்கினோம். சமதரையில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டின்மேல் இறக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே தலையை நீட்டக்கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முன்னறிவிப்பின்றிக் கைவிடும் பொருள்களில் அதுவும் ஒன்று.

லிவரை இறக்கி, சரிசெய்யும் நட்டைத் தளர்த்தினோம். லிவரிலிருந்து வரும் இழுப்பை இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பங்கிடும் சிறு இரும்புத் துண்டு ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தால் அது சற்றே சாய்ந்து இரண்டையும் ஒப்பாக்குகிறது. பங்காளிச் சண்டையைத் தீர்த்துவைக்கும் ஊர்ப்பெரியவரைப் போன்ற பொருள்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கருந்தூசி. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால் ஊதவோ தட்டவோ செய்யாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். கேபிளின் முனை அங்கே ஒரு சிறு நெம்புகோலில் மாட்டியிருக்கிறது. கம்பி இழுபடும்போது அது ஒரு ஷூவை நேராகவும் மற்றொன்றை இடைத்தண்டு வழியாகவும் டிரம்மின்மீது அழுத்துகிறது. சேதம் எங்கே என்பதும் தெரிந்தது: உறை தாழ்ந்து தொங்கும் இடத்தில் ரப்பர் கிழிந்து, மழைநீர் புகுந்து, துரு பருத்துக் கம்பியைக் கவ்வியிருந்தது.

புதிய கேபிளைப் பழையது சென்ற அதே வழியில், அதே பிடிப்புகளில் பொருத்தினோம். வழியில் இல்லாத வளைவு ஒன்று புதிதாகச் சேர்ந்தால் இழப்பும் சேரும் என்பதற்குக் காரணம் இப்போது தெரிந்திருந்தது. முதலில் டிரம்மில் ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்து, அதன் பிறகே கேபிளை இறுக்க வேண்டும். தேய்ந்த லைனிங்கின் குறையைக் கேபிளை இறுக்கி மறைப்பது கடன் வாங்கி வட்டி கட்டுவதற்கு ஒப்பு. லிவரைப் பலமுறை இழுத்து விட்டு, புதிய கம்பி படிந்த பின் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தோம். லிவரை இறக்கியதும் சக்கரங்கள் தடையின்றிச் சுழன்றன. இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். விடாத பிரேக்கும் ஆபத்தே.

*

2001இல் பிஎம்டபிள்யூவின் 7 வரிசைக் கார் மின்விசைப் பார்க்கிங் பிரேக்குடன் வந்தது. அதன்பின் அது விலை குறைந்த கார்களுக்கும் மெல்ல மெல்ல இறங்கிவருகிறது. பல கார்களில் கேபிளே கிடையாது. சக்கரத்தருகே ஒரு சிறு மோட்டார், ஓட்டுநரின் அருகே ஒரு பொத்தான். கைவலு குறைந்த முதியவருக்கு இது பெரும் உதவி. மேட்டில் வண்டி பின்வாங்காமல் தானே பிடித்துக்கொள்கிறது. கோளாறு என்றால் விளக்கு எரிகிறது. இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அத்தகைய காரில் பின் பிரேக்கைக் கழற்றப் பெரும்பாலும் மோட்டாரைப் பின்வாங்கச் சொல்லும் கணினிக் கருவி வேண்டும். ஸ்பேனரோடு வாசலில் உட்காருபவருக்கு அங்கே வேலை குறைவு.

விளக்கு எரிவது ஓர் எச்சரிக்கை. லிவர் ஒரு பல் கூடுதலாக ஏறுவதும் ஓர் எச்சரிக்கை. முன்னது கண்ணுக்கு, பின்னது கைக்கு. கிளவுஸ்தால் சுரங்கத்தில் அறுந்த கம்பி முனையைத் தேடித் தடவிப் பார்த்த விரல்களுக்கும், எங்கள் கைக்கு எட்டிய அந்தப் பத்தாவது ‘டிக்’ ஒலிக்கும் இடையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். கம்பி அன்றும் இன்றும் தன் கடமையைச் செய்தது. கேட்காமல் இருந்தது நாங்கள்தான்.

வேலை முடிந்ததும் காரை வாசல் சரிவில் நிறுத்தி, சக்கரங்களுக்கு ஒரு சாண் தள்ளி முட்டுக்கட்டைகளை வைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்துக் கால் மிதியிலிருந்து காலை எடுத்தோம். ஐந்தாவது பல்லில் இறுகியது. கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் காத்திருந்தோம். கார் அசையவில்லை. அதன்பின் கியரிலும் போட்டுவிட்டு இறங்கினோம். முட்டுக்கட்டைகளை இன்னும் வாசலிலேயே வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுச் சிறுமி இப்போது அவற்றைத் தாண்டித்தான் பாண்டிக்குக் கட்டம் போடுகிறாள்.