பேராதனையில் வரைந்த புழுக்கள்

கையில் போன் இருப்பதால் வண்ணத்துப்பூச்சியைப் படம் பிடிப்பது இன்று பிள்ளைகளுக்கும் சுலபம். ஆனால் நாம் பகிர்கிற படங்களைக் கொஞ்சம் பாருங்கள். எல்லாமே சிறகு விரித்த நிறைவுடலிதான். வகுப்பில் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு என்று அம்புக்குறி போட்டு வட்டமாக வரைவிக்கிறோம். வெளியே போனால் கடைசிப் பருவத்தை மட்டும் தேடுகிறோம்.

சுமார் 140 வருடங்களுக்கு முன்னர் எமது நாட்டில் இதை வேறுவிதமாகச் செய்தவர்கள் இருந்தார்கள். 1880 முதல் 1887 வரை லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த நூல் 'த லெபிடொப்டெரா ஒஃப் சிலோன்'. இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் அதில் 200க்கும் மேற்பட்ட வண்ணத்தட்டுகளில் உள்ளன. அட்டையில் இருப்பது பிரெட்ரிக் மூர் என்ற ஆங்கிலேயரின் பெயர். படங்களுக்கான மூல ஓவியங்களை வரைந்தவர்களோ பேராதனைப் பூங்காவைச் சேர்ந்த டி அல்விஸ் சகோதரர்கள், வில்லியமும் ஜோர்ஜும். அவர்களுடைய தந்தை ஹர்மானிஸ் டி அல்விஸ் அதே பூங்காவில் சுமார் 40 வருடங்கள் தாவரங்களை வரைந்தவர். பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ்தான் பூச்சி ஓவியங்களையும் வரையச் செய்தார்.

இதை ஏன் இங்கேயே வரைய வேண்டியிருந்தது? செத்த வண்ணத்துப்பூச்சியை ஊசி குத்திப் பெட்டியில் லண்டனுக்கு அனுப்பலாம், சிறகின் நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். புழு அப்படியல்ல. செத்தால் உடல் சுருங்கும், நிறமும் போய்விடும். அன்றைய கேமராவும் நிறம் காட்டாது. ஆகவே புழு உயிரோடு இலை தின்னும்போதே, பக்கத்தில் இருந்து பார்த்து ஒருவர் தூரிகையால் வரைய வேண்டும். லண்டனில் இருந்த எந்தப் பெரிய அறிஞராலும் அது முடியாது. அந்த நூலில் பல இனங்களின் புழுவும் கூடும் சிறகோடு சேர்ந்தே இருப்பதற்கு இவர்கள்தான் காரணம். எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?

இதைப் படமெடுக்கக் காட்டுக்குப் போகவும் வேண்டாம். வீட்டுக் கறிவேப்பிலையை, அல்லது தேசி மரத்தைப் பாருங்கள். கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசையுள்ள வண்ணத்துப்பூச்சி அங்கேதான் ஒவ்வொரு முட்டையாக இட்டுவிட்டுப் போகும். சின்னப் புழு குருவி எச்சம் மாதிரிக் கிடக்கும் (அநேகர் அப்படி நினைத்தே விட்டுவிடுகிறார்கள்). வளர்ந்தால் இலைப் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடும். முட்டையிலிருந்து சிறகு வரை சுமார் ஒரு மாதம். ஆகவே மருந்தடிக்காமல், தினமும் ஒரே இலைப்பக்கம், ஒரே தூரத்தில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கூட்டின் தோலூடாகச் சிறகின் கறுப்பு தெரியத் தொடங்கினால், மறுநாள் விடியவே பிள்ளையை எழுப்பிவிடுங்கள்.