ஜான் கோவரின் மூன்று மொழிகள்: 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆங்கிலக் கவிதையின் எழுச்சி

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அரசவையில் பிரெஞ்சும் திருச்சபையில் இலத்தீனும் கோலோச்சின. மூன்று நூற்றாண்டுகள் கழித்து, ஆங்கிலக் கவிஞர் சாசரின் காலத்தில், ஆங்கிலம் அவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டுத் தனக்குரிய இடத்தைப் பிடித்தது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. சாசரின் நண்பர் ஜான் கோவரின் (மறைவு 1408) நூல்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் இக்கருத்து நிற்பதில்லை.

காலப் பின்னணி

மூன்று மொழிகளும் ஒருங்கே வழங்கின என்பதற்கு 1362ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நல்ல சான்று. நீதிமன்றங்களில் வாதம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், பதிவு இலத்தீனில் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழியோ பிரெஞ்சு. கோவர் இத்தகைய சூழலில் வளர்ந்தவர். கென்ட், சஃபோக் பகுதிகளில் அவருக்கு நிலங்கள் இருந்தன. சட்டமும் அவருக்குப் பழக்கமானது. 1378இல் இத்தாலி சென்ற சாசர், தம் சார்பில் செயல்படும் அதிகாரத்தை அளித்த இருவரில் கோவரும் ஒருவர்.

பிரெஞ்சிலிருந்து இலத்தீனுக்கு

கோவரின் முதல் பெருநூலான 'மிரூர் டி லாம்' பிரெஞ்சில் ஏறத்தாழ 30,000 அடிகள் கொண்டது. பாவங்களையும் அறங்களையும் வகைப்படுத்தி, பாப்பரசர் முதல் வணிகர் வரை எல்லாரையும் கண்டிக்கிறது. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட இந்நூலின் ஒரே சுவடியை 1895இல் கேம்பிரிட்ஜில் மெக்காலே என்ற பதிப்பாசிரியர் கண்டெடுத்தார்.

அடுத்தது இலத்தீனில் அமைந்த 'வோக்ஸ் கிளமாண்டிஸ்'. 1381இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் புகுந்து, கான்டர்பரி பேராயர் சட்பரியைக் கொன்றனர். கோவர் இதைக் கனவாக வருணிக்கிறார். அதில் உழவர்கள் கழுதைகளாகவும் எருதுகளாகவும் நாய்களாகவும் உருமாறுகிறார்கள். அவர்களை நோக்கியல்ல, கற்றோரை நோக்கியே அவர் பேசினார் என்பதை அவர் தேர்ந்த மொழியே காட்டுகிறது.

ஆங்கிலத்தின் வருகை

1390 அளவில் முடிந்த 'கன்ஃபெஸ்ஸியோ அமாண்டிஸ்' 33,000 அடிகளுக்கு மேற்பட்ட ஆங்கிலக் காவியம். காதலன் ஒருவன் வீனஸ் தேவியின் குருவிடம் பாவமன்னிப்புக் கேட்க, குரு நூற்றுக்கும் மேற்பட்ட கதைகளைச் சொல்லித் தெளிவிக்கிறார். தேம்ஸ் நதியில் அரசப் படகில் இருந்த அரசர் இரண்டாம் ரிச்சர்ட் தம்மை அழைத்துப் புதிய நூல் ஒன்று எழுதப் பணித்ததாக முதல் வடிவின் முன்னுரையில் கோவர் கூறுகிறார். பின்னர் அப்பகுதியை நீக்கி, நூலை இங்கிலாந்துக்காக எழுதியதாக மாற்றி, லங்காஸ்டரின் ஹென்றிக்கு (பின்னாளில் நான்காம் ஹென்றி) காணிக்கையாக்கினார்.

இந்நூலின் சுவடிகளில் ஓர் ஏட்டைக் கூர்ந்து பார்த்தால் மொழிகளின் உண்மையான உறவு விளங்கும். பகுதியின் தலைப்பில் இலத்தீன் செய்யுள், நடுவே ஆங்கிலக் கதை, அதையொட்டி இலத்தீன் உரைக்குறிப்பு. புதிதாக அரங்கேறிய ஆங்கிலத்துக்கு இலத்தீன் அருகிலிருந்து மதிப்புச் சேர்க்கிறது.

மீண்டும் மூன்று மொழிகள்

ஆங்கிலத்துக்கு வந்தபின் கோவர் அங்கேயே தங்கிவிடவில்லை. 1399இல் ரிச்சர்ட் அரியணை இழந்த வரலாற்றை 'குரோனிக்கா டிரிபர்டிட்டா' என்று இலத்தீனில் எழுதினார். நான்காம் ஹென்றிக்காகத் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் டிரெண்ட்டம் சுவடியில் அமைதியைப் போற்றும் ஆங்கிலக் கவிதை, பிரெஞ்சுக் காதல் பாடல்கள், இலத்தீன் செய்யுள்கள் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. லண்டன் சதர்க் பேராலயத்தில் உள்ள அவரது கல்லறைச் சிற்பம் மூன்று பெருநூல்களின் மேல் தலைசாய்த்துக் கிடக்கிறது. பிரெஞ்சு நூல் உட்பட மூன்றின் பெயர்களும் இலத்தீனில் உள்ளன.

முடிவுரை

ஆங்கிலம் மற்ற இரண்டையும் வீழ்த்தி எழுந்தது என்பதற்குக் கோவரிடம் சான்றில்லை. யாரிடம் பேசுகிறோம் என்பதை வைத்தே அவர் மொழியைத் தேர்ந்தார். அரசனும் குடியும் ஒருசேர அறம் கேட்க வேண்டும் என்று எண்ணியபோது ஆங்கிலத்தை எடுத்தார். பிரெஞ்சு நூலில் கற்ற பாவ வகைப்பாடும் இலத்தீன் நூலில் பழகிய அரசியல் கண்டனமும் அந்த ஆங்கிலக் காவியத்துக்கு அடித்தளமாயின. சாசரை மட்டும் வைத்து ஆங்கிலக் கவிதையின் தோற்றத்தை எழுதுவோர் கோவரின் மூன்று நூல்களையும் ஒருசேரப் படிப்பது அவசியம்.