புடைத்து எடுக்கும் யந்திரம்

விஞ்ஞான சரித்திரம் எழுதுகிறவர்கள், எதைக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். கண்டுபிடிப்பதற்கு முன்னால் எதையெல்லாம் வேண்டாமென்று தள்ளினார்கள் என்பதும் ஒரு சரித்திரம்தான். அணுவின் உட்பகுதியை ஆராய்ந்தவர்களின் கதையில் இதுவே சுவாரஸ்யமான பகுதி என்பது என் அபிப்பிராயம்.

1930-ல் இத்தாலியில் புருனோ ராஸி என்ற இளைஞர் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கைகர் குழாய் கண்டதற்கெல்லாம் துடிக்கும். எது கதிர், எது வீண் துடிப்பு என்று அதற்குத் தெரியாது. ஜெர்மனியில் போத்தே காட்டிய வழியை விரிவாக்கி, ரேடியோ வால்வுகளால் ராஸி ஒரு சுற்று அமைத்தார். மூன்று குழாய்களும் ஒரே கணத்தில் துடித்தால்தான் அது கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் சும்மா இருந்துவிடும். புடைக்கும் வேலையை மனிதன் யந்திரத்திடம் கொடுக்கத் தொடங்கியது இப்படித்தான்.

1952-ல் கிளேஸர் என்ற அமெரிக்கர் குமிழி அறையைக் கண்டுபிடித்தார். அதில் துகள்கள் விட்டுச்சென்ற தடங்களை லட்சக்கணக்கில் படமெடுத்தார்கள். மேஜைமுன் உட்கார்ந்து அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சலித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் ஒரு சௌகரியம் இருந்தது. தள்ளிவைத்த படத்தை மறுபடியும் எடுத்துப் பார்க்கலாம்.

1968-ல் ஐரோப்பிய ஆராய்ச்சிக் கூடமான செர்னில் ஜார்ஜ் ஷார்பாக் அந்த முறையை மாற்றினார். அவர் அமைத்த கம்பி அறை, துகள் சென்ற இடத்தை மின்சாரத் துடிப்பாகவே தந்தது. வேகம் ஆயிரம் மடங்கு கூடியது. ஆனால் வேகம் கூடக் கூட, எல்லாவற்றையும் சேர்த்துவைப்பது முடியாத காரியமாயிற்று.

இன்று ஜெனீவா அருகே, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்க வளையத்தில், புரோட்டான் கொத்துக்கள் நொடிக்கு 4 கோடி தடவை ஒன்றையொன்று கடக்கின்றன. முதல் சல்லடையில் தேறுவது சுமார் 1 லட்சம். அதாவது நானூறில் ஒன்று. தீர்ப்புக்குக் கிடைக்கும் அவகாசம் நொடியின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. தள்ளியது தள்ளியதுதான்; அப்பீல் கிடையாது.

அந்தத் தீர்ப்பை வழங்கும் சில்லுக்கு ஒரு விசேஷம் உண்டு. சாதாரணச் சில்லு கல்வெட்டு மாதிரி. செதுக்கியதை மாற்ற முடியாது. ராஸ் ஃப்ரீமன் என்ற அமெரிக்கரின் யோசனையில், ஸைலிங்க்ஸ் கம்பெனி 1985-ல் வெளியிட்ட சில்லோ சிலேட்டுப் பலகை மாதிரி. அதனுள் இருந்த 64 தர்க்கக் கட்டங்களின் இணைப்பை எப்போது வேண்டுமானாலும் அழித்து மாற்றி எழுதலாம். ஃப்ரீமன் 1989-லேயே காலமாகிவிட்டார். அவருடைய சிலேட்டின் வாரிசுகள்தான் செர்னில் இன்று புடைக்கின்றன. 2012-ல் ஹிக்ஸ் துகள் அகப்பட்டதும் இப்படிப் புடைத்தெடுத்த குவியலில்தான்.

ஆனாலும் ஒரு பயம் இருக்கவே செய்கிறது. சிலேட்டில் விதி எழுதுகிறவன், தான் எதிர்பார்ப்பதைத்தானே எழுதுவான்? யாருமே எதிர்பாராத ஒன்று வந்து, பதரோடு பதராகப் பறந்துவிட்டால்? விஞ்ஞானிகளுக்கும் இந்தப் பயம் உண்டு. அதனால் எந்த விதியும் பாராமல் கொஞ்சத்தை எடுத்துவைக்கிறார்கள். 2024-ல் செர்னின் சி.எம்.எஸ். குழுவினர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். வழக்கத்துக்கு மாறாகத் தோன்றுவதை எடுத்து வைக்கும்படி சில்லுக்கே பயிற்சி கொடுத்து, வேலையில் அமர்த்தினார்கள்.

தன் அறிவுக்கு எட்டாததற்கும் ஓரிடம் ஒதுக்கிவைப்பது பெரிய அடக்கம். அந்த அடக்கத்தை ஒரு சில்லிலே எழுதிவைக்க ராஸியின் சுற்றிலிருந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.