ஆசிய ஃபுளூவும் பள்ளிகளும் (1957)

ஆசிய ஃபுளூ என்பது எச்2என்2 வகை இன்ஃபுளுவென்சா வைரசால் 1957–58இல் உலகெங்கும் பரவிய பெருந்தொற்று. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தனர். பிப்ரவரியில் சிங்கப்பூர், ஏப்ரலில் ஹாங்காங், மே மாதம் கப்பலேறிச் சென்னை என்று நகர்ந்த இந்நோய், மேற்கு நாடுகளில் ஊருக்குள் பரவியதற்குப் பள்ளித் திறப்பே முக்கியக் காரணம்.

முதியவர்கள் சிலரின் இரத்தத்தில் மட்டும் இவ்வைரசுக்கு எதிர்ப்பொருள் இருந்தது. பிள்ளைகளிடம் அறவே இல்லை. ஹாங்காங் மருத்துவமனைகளில் தாய்மார் முதுகில் கட்டிய, கண் சொருகிய குழந்தைகளோடு வரிசையில் நிற்கும் செய்தியை நாளிதழில் படித்த அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் மாரிஸ் ஹில்மேன் மாதிரிகளை வரவழைத்துச் சோதித்தார். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் அமெரிக்காவில் நோய் கிளம்பும் என அறிவித்துத் தடுப்பூசித் தயாரிப்பை முடுக்கினார்.

ஜூன் முதலே வைரஸ் அமெரிக்காவில் இருந்தது. ஆனால் படைமுகாம்களிலும் கோடை முகாம்களிலும் தலைகாட்டியதோடு சரி. விலக்கு, லூசியானாவின் டாஞ்சிபஹோ வட்டாரம். ஸ்ட்ராபெரி அறுவடைக்காக வசந்தகாலத்தில் விடுமுறை விட்டு, கோடையிலேயே பள்ளியைத் திறப்பது அங்கே வழக்கம். அந்நாட்டில் ஊர் முழுக்கப் படுத்த முதல் இடங்களில் அதுவும் ஒன்று. பிற ஊர்களுக்கு இலையுதிர்காலத்தில் முறை வந்தது. அக்டோபர் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரே நாளில் 29 சதவீத மாணவர்கள் வகுப்புக்கு வரவில்லை. அப்படியும் பள்ளிகளை மூடுவதில் பயனில்லை என்றே சுகாதார அதிகாரிகள் கருதினர். ஃபுளூ தொற்றி ஓரிரு நாளில் அறிகுறி காட்டிவிடும். வருகைப்பதிவு சரிந்தபின் கதவை அடைப்பது பெரும்பாலும் காலம் கடந்த வேலைதான்.

பிள்ளைகள் வழியே நோய் ஊருக்குள் பரவும் என்ற இக்கணக்கை 2020ஆம் ஆண்டுக் கொரோனாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. முதல் அலையில் சிறுவர்கள் ஃபுளூவில் போல முதன்மைப் பரப்புநர்களாக இருக்கவில்லை. ஆனாலும் 150 கோடி மாணவர்கள் வீட்டில் முடங்கினர்.

பிள்ளைகளைக் காத்தால் ஊரையும் காக்கலாம் என்ற 1957இன் பாடத்தை நெடுங்காலம் கைக்கொண்ட நாடு ஜப்பான். 1962 முதல் அங்கே பள்ளி மாணவர்களுக்கு ஃபுளூ தடுப்பூசி போடப்பட்டது. ஊசி பிள்ளைகளுக்கு, பலனில் பெரும்பங்கு தாத்தா பாட்டிகளுக்கு. ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக 2001இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பக்கவிளைவு அச்சமும் பலன் குறித்த ஐயமும் வலுத்து 1994இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் குளிர்கால இறப்புகள் மீண்டும் ஏறின.