இகாமாவா, பிரஜாவுரிமையா? வெளிநாட்டில் நீண்டகாலம் தங்கியிருப்போர் அறிந்திருக்க வேண்டியவை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பிரதான வீதியில் காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று ஒவ்வொரு ஊராகக் கடந்தால் பாலமுனை வரும். இந்தக் கரையோரத்தில் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத சொந்தபந்தம் குறைவு. ஆனால் எல்லோரும் போன வழி ஒன்றல்ல. பாலமுனை, ஒலுவில், அட்டாளைச்சேனை போன்ற முஸ்லிம் ஊர்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலானோர் சவூதி, கட்டார், குவைத், டுபாய் என்று வேலை விசாவில் போனார்கள். காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் போன்ற தமிழ் ஊர்களிலிருந்து யுத்தத்துக்குத் தப்பிப் போனவர்களில் பலர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் தஞ்சம் கேட்டார்கள்.

முப்பது வருடங்கள் கழிந்த பிறகு இந்த இரண்டு வழிகளும் இரண்டு விதமான முடிவுகளில் கொண்டுபோய் விட்டிருக்கின்றன. வளைகுடாவுக்குப் போனவர் அங்கே இன்றும் வெளிநாட்டவர்தான். மேற்கு நாட்டுக்குப் போனவர் அங்கே பிரஜையாகிவிட்டார். ஆனால் பிறந்த ஊருக்கு விசா எடுத்து வருகிறார். இருவரும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: என்னுடைய வதிவிட அனுமதி எதனோடு கட்டப்பட்டிருக்கிறது?

வளைகுடா: வேலை இருக்கும்வரை

சவூதியின் இகாமாவும் ஏனைய வளைகுடா நாடுகளின் வதிவிட அட்டையும் பொதுவாக கஃபீல் எனப்படும் பொறுப்பாளரின் பெயரில்தான் நிற்கின்றன. வேலை முடிந்தால் வதிவிடமும் முடியும். எத்தனை வருடம் இருந்தாலும் அது நிரந்தர உரிமையாக மாறாது. சாதாரண தொழிலாளிக்கு அங்கே பிரஜாவுரிமைக்கான பாதை நடைமுறையில் இல்லை.

அண்மைக் காலத்தில் சில கட்டுகள் தளர்ந்திருக்கின்றன. கட்டாரில் 2018இல் பெரும்பாலான தொழிலாளருக்கும் 2020 ஜனவரியில் வீட்டுப் பணியாளருக்கும் வெளியேறும் அனுமதி நீக்கப்பட்டது. 2020 ஓகஸ்டில், முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேலை மாறவும் சட்டம் இடம் கொடுத்தது. 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். சவூதியில் 2021 மார்ச் 14 முதல், ஒரு வருடம் வேலை செய்தவர் சம்மதக் கடிதமின்றி வேறு நிறுவனத்துக்கு மாறலாம். ஆனால் வீட்டுப் பணியாளர், வீட்டுச் சாரதி, தோட்டக்காரர், ஆடு மேய்ப்போர் இந்தச் சீர்திருத்தத்துக்குள் வரவில்லை. நம்மூர்ப் பெண்களில் பலர் வீட்டுப் பணிக்கே போகிறார்கள் என்பதை இங்கே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

‘ஃப்ரீ விசா’ என்று ஊரில் விற்கப்படுவது சட்டத்தில் இல்லாத ஒன்று. ஒருவரின் பெயரில் இகாமா எடுத்து இன்னோர் இடத்தில் வேலை செய்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கஃபீல் ‘ஹுரூப்’ என்று முறைப்பாடு கொடுத்துவிட்டால், அந்த ஆள் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் ஆகிவிடக்கூடும். விடுமுறைக்கு வருவோரும் கவனமாக இருக்க வேண்டும். குவைத்தில் பொதுவான விதிப்படி, ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் வதிவிட அனுமதி இரத்தாகும்.

காசுள்ளவருக்கான கதவு

நீண்டகால வதிவிடத் திட்டங்கள் வளைகுடாவிலும் வந்திருக்கின்றன. ஐக்கிய அரபு இராச்சியத்தின் கோல்டன் விசாவைச் சொத்து முதலீட்டின் வழியே பெற 20 இலட்சம் திர்ஹம் பெறுமதியான சொத்து வேண்டும். சவூதி 2019இல் தொடங்கிய பிரிமியம் வதிவிடத்தின் காலவரையற்ற வகைக்கு 8 இலட்சம் ரியால் கட்டணம். கட்டாரின் 2018ஆம் ஆண்டு நிரந்தர வதிவிடச் சட்டம், வெளிநாட்டில் பிறந்தவரிடம் 20 வருடத் தங்கலும் அரபு மொழி அறிவும் கேட்கிறது. வருடத்துக்கு 100 பேருக்கு மட்டுமே பொதுவாக இடம். ஆக, கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போனவருக்கு இவை எட்டாத கதவுகள். அவருக்கு எஞ்சுவது பணிக்கொடைதான். சவூதித் தொழிற் சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிந்திய ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம். தானாக விலகினால், பத்து வருடம் நிறையும்வரை இதில் வெட்டு விழும். ‘எக்சிட்’ அடிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

அங்கே பிறந்த பிள்ளைகள்

தோஹாவிலோ ஜித்தாவிலோ பிறந்த இலங்கைப் பிள்ளைக்கு அந்த நாட்டின் பிரஜாவுரிமை கிடைக்காது. இலங்கைப் பிரஜாவுரிமையும் தானாக வந்துவிடாது. பிறந்து ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் அல்லது குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பதிய வேண்டும். தாமதித்தால் தண்டப் பணம் கட்ட வேண்டும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தாய் மட்டும் இலங்கையராக இருந்தாலும் பதியலாம். இந்த ஒரு தாளை விட்டுவிட்டால், பாடசாலை அனுமதி முதல் அடையாள அட்டை வரை பிள்ளை அலைய நேரிடும்.

மேற்கு நாடுகள்: ஆளோடு வரும் உரிமை

தஞ்சம் ஏற்கப்பட்டவரின் அந்தஸ்து முதலாளியோடு கட்டப்பட்டதல்ல, ஆளோடு வருவது. வேலை போனாலும் அது போகாது. ஆனால் அதற்கும் நிபந்தனைகள் உண்டு.

கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்றவர் ஐந்து வருடத்தில் 730 நாட்கள் அங்கே இருக்க வேண்டும்; பிரஜாவுரிமைக்கு 1,095 நாட்கள். பிரித்தானியாவின் காலவரையற்ற வதிவிட அனுமதி, தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகக் காலாவதியாகும். சுவிஸில் எஃப் அனுமதி என்பது தற்காலிக ஏற்பு மட்டுமே. ஐந்து வருடத்துக்குப் பிறகு பி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்னும் பிரஜையாகாத அகதிகள் ஒரு விடயத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து ஊருக்கு வந்து போனால், ‘சொந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார்’ என்று அந்தஸ்து பறிபோகலாம். கனடாவில் 2012ஆம் ஆண்டுச் சட்ட மாற்றத்துக்குப் பிறகு, அப்படி அந்தஸ்து இழந்தால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகும். தாயின் மரணவீட்டுக்கு வருவதானாலும் முதலில் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுத்தான் பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குப் போனவர்களின் நிலை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2015 ஜனவரி 9க்கு முன் தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரை, ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனைகளிலிருந்து 2025 செப்டெம்பரில் இந்திய அரசு விலக்கியது. அது தண்டனை விலக்கு மட்டுமே, பிரஜாவுரிமை அல்ல. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை.

ஊர் திரும்பும்போது

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, தன் விருப்பில் வேறு நாட்டுப் பிரஜையாகும் இலங்கையரின் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகவே அற்றுப்போகும். ஜேர்மனி 2024 ஜூன் 27 முதல் இரட்டைப் பிரஜாவுரிமையை அனுமதிக்கிறது என்பதற்காக இங்குள்ள சட்டம் மாறிவிடாது. வெளிநாட்டுப் பிரஜாவுரிமை எடுப்பதற்கு முன் இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கலாம். எடுத்த பிறகு என்றால், மீளப் பெற விண்ணப்பிக்க வேண்டும்.

2011இல் நிறுத்தப்பட்ட இரட்டைப் பிரஜாவுரிமை 2015இல் மீண்டும் தொடங்கியது. 55 வயதைத் தாண்டியவர்கள், கல்வி அல்லது தொழில் தகைமை உள்ளவர்கள், இலங்கையில் 25 இலட்சம் ரூபா பெறுமதியான சொத்தோ நிலையான வைப்போ உள்ளவர்கள் விண்ணப்பிக்கும் வகைகள் இருக்கின்றன. கட்டணம் பலமுறை மாறியிருப்பதால், தரகரிடம் கேட்காமல் திணைக்களத்திலோ தூதரகத்திலோ அன்றைய தொகையைக் கேளுங்கள். இரட்டைப் பிரஜைகள் வாக்களிக்கலாம். 2022ஆம் ஆண்டின் 21ஆவது திருத்தத்தின்படி பாராளுமன்ற உறுப்பினராக முடியாது.

காணியில்தான் இது நேரடியாகக் கடிக்கும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உடைமை மாற்றுவதைத் தடுக்கிறது. சட்டப்படியான வாரிசுக்கு உரித்தாகவோ நன்கொடையாகவோ போவதற்கு விலக்கு உண்டு; இரட்டைப் பிரஜைக்கும் விலக்கு உண்டு. ஆனால் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் உள்ள ஒருவர், யுத்த காலத்தில் விட்டுப்போன வளவுக்குப் பக்கத்தில் பத்துப் பேர்ச் வாங்க நினைத்தாலும் இந்தத் தடைக்குள் வந்துவிடுவார்.

கையில் வைத்திருக்க வேண்டியவை

வளைகுடாவில் இருப்பவர் இகாமாவின் பிரதி, வேலை ஒப்பந்தம், சம்பளச் சிட்டை, வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு ஆகியவற்றின் ஒரு தொகுதியை ஊரில் மனைவியிடமோ பெற்றோரிடமோ கொடுத்து வைக்க வேண்டும். மேற்கில் இருப்பவர் தன் இலங்கைப் பிறப்புச் சான்றிதழையும், பெற்றோரின் காணி உறுதிகளின் பிரதிகளையும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் தேடி எடுத்து வைக்க வேண்டும். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் தாள்களை இழந்தவர்கள், பிரதேச செயலகத்தில் சான்றிதழ்ப் பிரதிக்கும் காணிப் பதிவகத்தில் உறுதிப் பிரதிக்கும் இப்போதே விண்ணப்பிப்பது நல்லது. உறுதியில் இருக்கும் பெயரை அடையாளம் காட்டக்கூடிய மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.